முன்னால் பட்டப்பகல், பின்னால் கும்மிருட்டு: பழைய ஜீப் இழுக்கும் டிரெய்லருக்கு விளக்கு மாட்டுவது யார் வேலை?

வீட்டுக்குத் தளம் போடும் வேலை முடியும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். காலையில் ஓடத் தொடங்கிய கலவை மெஷின் மாலை ஆறரைக்கு நிற்கும். டிரம்மைக் கழுவி, கொக்கியில் மாட்டி, பின்னைச் சொருகியதும் பழைய ஜீப் ஒன்று அதை இழுத்துக்கொண்டு கிளம்பும். மறுநாள் வேறு ஊரில், வேறு வீட்டில் தளம். நடுவில் ஏழெட்டு கிலோமீட்டர் பைபாஸ் ரோடு. ஜீப்பில் பின்விளக்கு எரியத்தான் செய்கிறது. ஆனால் அதை மெஷினின் டிரம் முழுசாக மறைத்துவிடுகிறது. மெஷினில் விளக்கு என்று எதுவும் கிடையாது. சிமென்ட் படிந்து சாம்பல் நிறமாகிப்போன அந்த இரும்பு உருளை, ராத்திரியில் ரோட்டோடு ரோடாகக் கலந்துபோகும்.

"பக்கத்துலதானே போறோம், பின்னாடி வர்றவன் பார்த்துப்பான்" என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பயணம் தினமும் நடக்கிறது. பின்னாடி வருகிறவர் பெரும்பாலும் பைக்கில் வருகிறார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற அவசரம் அவருக்கும் உண்டு.

கலவை மெஷின் மட்டுமல்ல. திருவிழாவுக்குப் போகும் ஜெனரேட்டர் வண்டி, தண்ணீர் டேங்கர், ஆலை திறந்துவிட்டால் இரவெல்லாம் ஓடும் கரும்பு டிரெய்லர் என்று பட்டியல் நீளும். இழுப்பது ஜீப்பாக இருக்கலாம், டிராக்டராக இருக்கலாம். ஒருவிதத்தில் எல்லாமே ஒரே குடும்பம்: கரடுமுரடான பாதைக்காகச் செய்யப்பட்ட, வயதான, ஒயரிங் நொந்துபோன வண்டி. அதன் பின்னால் ஒயரிங்கே இல்லாத இன்னொரு வண்டி.

எவ்வளவு தூரத்தில் தெரிய வேண்டும்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளை எப்படி நடந்தது என்று வகை பிரித்தால், பின்னாலிருந்து மோதியவைதான் முதலிடம். ஐந்தில் ஒன்றுக்கும் மேல். இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். இதில் எத்தனை மோதல்கள் விளக்கில்லாத டிரெய்லரின் மேல் என்று இந்த எண்கள் தனியாகச் சொல்வதில்லை. ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கலவை மெஷின் கண் முன்னால் வந்து நிற்கும்.

கணக்கு ரொம்ப எளிது. இந்தியச் சாலைகளை வடிவமைக்கும் பொறியாளர்கள், 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு வண்டி பத்திரமாக நிற்க 120 மீட்டர் தூரம் வேண்டும் என்று வைத்துக்கொள்கிறார்கள். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் 80 மீட்டர். எதிரில் வண்டி வருவதால் லோ பீமில் போகும் பைக்காரருக்கு, மங்கலான ஒரு பொருள் அதில் பாதித் தூரத்தில் கண்ணில் பட்டாலே அதிர்ஷ்டம். பார்ப்பது ஓரிடம், நிற்பது ஓரிடம். நடுவில் இருப்பது இரும்பு.

இதனால்தான் சட்டமும் தூரத்தை எண்ணிலேயே சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 105-வது விதிப்படி, சூரியன் மறைந்து அரை மணி நேரத்திலிருந்து பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். பின்னால் இருக்கும் நம்பர் பிளேட்டை 15 மீட்டரிலிருந்து படிக்கும்படி வெள்ளை வெளிச்சம் இருக்க வேண்டும். "அது வண்டிக்குத்தானே, டிரெய்லருக்கு என்ன?" என்று கேட்கலாம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே டிரெய்லரும் சேர்ந்துதான் வருகிறது. எஞ்சின் இல்லையென்றாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரு வண்டிதான். ஆக, சட்டத்தில் ஓட்டை என்று யாரும் சொல்ல முடியாது.

ஓட்டை இருப்பது வேறு இடத்தில். மெஷின் ஒருவருடையது, வாடகைக்கு விடுகிறார். ஜீப் இன்னொருவருடையது, நடைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார். வேலை காண்ட்ராக்டருடையது. 'விளக்கு யார் மாட்டணும்?' என்று கேட்டால் மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைக் கை காட்டுவார்கள். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருப்பதுதான் சிக்கல். இன்று இந்த ஜீப், நாளை அந்த டிராக்டர் என்று மாறி மாறி இழுக்கும்போது, மெஷின்காரர் யாருடைய ஒயரில் இணைப்பார்? மாதத்துக்கு நாலு முறை மட்டும் டிரெய்லர் இழுக்கும் ஜீப்காரர், எந்த மெஷினுக்கு ஏற்ற மாதிரி ஒயர் இழுத்து வைப்பார்?

பழைய ஜீப் ஏன் முரண்டு பிடிக்கிறது?

புதுசாக வரும் பல டிராக்டர்களில் பின்னால் ஏழு பின் சாக்கெட் இருக்கிறது. பிரச்சினை பழைய வண்டிகளில்தான். 1940-களின் இறுதியில் மஹிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்களைப் பூட்டத் தொடங்கியதிலிருந்து பல தலைமுறை ஜீப்கள் வந்துவிட்டன. இன்றும் மலையடிவாரத்திலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் ஓடிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் இருபது, முப்பது வயதைத் தாண்டியவை. எஞ்சின் மாறியிருக்கும், கியர்பாக்ஸ் மாறியிருக்கும். ஒயரிங் மட்டும் ஒவ்வொரு எலக்ட்ரீஷியன் கைவண்ணத்திலும் ஓர் ஒட்டு வாங்கி, இன்ஷுலேஷன் டேப்பின் மேல் டேப்பாகச் சுற்றி, யாருக்கும் புரியாத ஒன்றாக ஆகியிருக்கும். மஞ்சள் ஒயர் போய்ச் சேரும் இடத்தில் நீல ஒயர் நிற்கும்.

அதனால் இந்த வண்டிகளில் ஒயர் நிறத்தை நம்பி வேலை செய்வது முதல் தப்பு. டெஸ்ட் லைட்டை எடுத்துக்கொண்டு பின்விளக்கின் பக்கத்தில் உட்கார வேண்டும். இன்னொருவர் பார்க் லைட்டைப் போட வேண்டும்; எந்த ஒயரில் டெஸ்ட் லைட் எரிகிறதோ அது பார்க். அப்புறம் பிரேக், இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர். பத்து நிமிட வேலை. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பேனாவால் எழுதிவிட்டால் அடுத்து வருகிற எலக்ட்ரீஷியன் வாழ்த்துவார்.

இரண்டாவது, லோடு. இதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. டிரெய்லருக்குச் சாதாரண பல்பு போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். டெயில் லைட் 5 வாட் வீதம் இரண்டு, பிரேக் லைட் 21 வாட் வீதம் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு 5 வாட், ஒரு பக்க இண்டிகேட்டர் 21 வாட். இரவில் பிரேக் பிடித்துக்கொண்டே திரும்பினால் மொத்தம் 78 வாட். 12 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர். இண்டிகேட்டர் இரண்டையும் சேர்த்து ஹசார்டு போட்டால் எட்டு ஆம்பியருக்கு மேல். இது ஜீப்பின் சொந்த விளக்குகள் ஏற்கெனவே இழுப்பதற்கு மேலே கூடுதலாக வருவது.

பழைய ஜீப்பில் பல இடங்களில் ரிலே கிடையாது. விளக்குக்குப் போகும் மொத்த கரண்டும் டேஷ்போர்டு சுவிட்சின் சின்னத் தகட்டைத் தாண்டித்தான் போகிறது. பிரேக் சுவிட்சும் அப்படித்தான். பல வண்டிகளில் அது பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் இயங்கும் சின்னச் சுவிட்ச். அதன் உள்முனைகள் இரண்டு பல்புக்காகச் செய்தவை, நாலுக்காக அல்ல. டிரெய்லர் பல்பை நேராக அதில் ஒட்டுப் போட்டால் முதல் நாள் நன்றாக எரியும். சில மாதங்களில் முனை கருகும். அப்போது டிரெய்லரின் பிரேக் லைட்டோடு ஜீப்பின் பிரேக் லைட்டும் சேர்ந்து போய்விடும். விளக்கு மாட்டப் போய் இருந்த விளக்கையும் தொலைத்த கதை.

இண்டிகேட்டரில் அது உடனே தெரிந்துவிடும். பழைய ஃபிளாஷர், உள்ளே இருக்கும் உலோகத் துண்டு சூடாகி வளைவதால் விட்டு விட்டு எரிய வைக்கிறது. பல்பு கூடினால் கரண்ட் கூடும், சீக்கிரம் சூடாகும், 'டிக் டிக்' வேகமாகும். "ஃபிளாஷர் போயிடுச்சு" என்று கடைக்காரர் புதுசு மாட்டுவார். போனது ஃபிளாஷர் இல்லை, கணக்கு.

ரிலே எதற்கு?

இதற்கு வைத்தியம் நாலு ரிலே. டெயில், பிரேக், இடது, வலது என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ரிலே என்பது ஒருவருக்காக இன்னொருவர் சுமை தூக்குகிற ஏற்பாடுதான். ஜீப்பின் பழைய ஒயர் ரிலேயின் காதில் "பிரேக் பிடிச்சாச்சு" என்று சொன்னால் போதும். ரிலே, பேட்டரியிலிருந்து தனியாக வரும் தடித்த ஒயரிலிருந்து கரண்டை எடுத்து டிரெய்லருக்குக் கொடுத்துவிடும். காதில் சொல்ல ஆகும் கரண்ட், ஓர் ஆம்பியரில் சின்னப் பங்குதான். பழைய சுவிட்ச் நிம்மதியாக இருக்கும். ஃபிளாஷருக்கும் ஜீப்பின் பல்பு மட்டுமே தெரியும், வேகம் மாறாது.

ரிலேயின் அடியில் நாலு எண் இருக்கும். 30-ல் பேட்டரி ஒயர், 87-ல் டிரெய்லருக்குப் போகும் ஒயர், 86-ல் ஜீப்பின் பின்விளக்கிலிருந்து எடுத்த ஒயர், 85-ல் எர்த். பேட்டரியிலிருந்து வரும் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். பேட்டரிக்கு மிக அருகிலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸைக் கொண்டுபோய் வண்டியின் பின்பக்கத்தில் வைப்பவர்களும் உண்டு. நடுவில் ஒயர் சேஸிஸில் உரசி ஷார்ட் ஆனால் அந்த ஃப்யூஸால் ஒரு பயனும் இல்லை. ஃப்யூஸ் காப்பாற்றுவது பல்பை அல்ல, ஒயரை. ஒயர் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் காவல் வேண்டும்.

இதில் ஒரே ஒரு குறை. ரிலே வைத்துவிட்டால் டிரெய்லரின் இண்டிகேட்டர் பல்பு ஃப்யூஸ் போனாலும் டிரைவருக்குத் தெரியாது. 'டிக் டிக்' வழக்கம் போலக் கேட்கும். இறங்கிப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

எல்இடி போட்டால் இவ்வளவும் வேண்டாமே என்றால், பாதி உண்மை. எல்இடி பின்விளக்கு இழுக்கும் கரண்ட் மிகவும் குறைவு. 12 வோல்ட் ஜீப்பில், நல்ல சீல் செய்த எல்இடி விளக்கு வாங்கினால் ரிலே இல்லாமலேயே சமாளித்துவிடலாம். பழைய வண்டிக்கு நேர்மையாகப் பரிந்துரைக்க வேண்டியதும் அதுதான். ஆனால் ராணுவக் கால வில்லிஸ் ஜீப் ஆறு வோல்ட் வண்டி. அந்தக் கால பிரிட்டிஷ் லேண்ட் ரோவர்களில் பல, பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியில் சேர்த்த வண்டிகள். சாதாரண பல்புக்கு எந்தப் பக்கம் கரண்ட் வந்தாலும் ஒன்றுதான். எல்இடிக்கு அப்படி இல்லை, தலைகீழாக மாட்டினால் எரியாது. இந்த வயது வண்டி வைத்திருப்பவர் முதலில் மீட்டரை எடுத்து எத்தனை வோல்ட், எந்த முனை பாடி என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

எர்த் என்ற அப்பாவி

டிரெய்லர் விளக்கு எரியவில்லை என்று வரும் புகாரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பல்பை அல்ல, எர்த்தை. ஆனால் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

வண்டியில் ஒரு ஒயர் போதும், திரும்பி வரும் வழி பாடி இரும்பு வழியாகவே கிடைத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். ஜீப்புக்குள் அது ஓரளவு சரி. டிரெய்லருக்கு அந்த இரும்பு எங்கே சேர்கிறது? கொக்கியில். அங்கே பெயின்ட், கிரீஸ், துரு, போதாக்குறைக்கு ஆட்டம். பள்ளத்தில் இறங்கும்போது பின் ஒரு பக்கம் தொடும், மேட்டில் ஏறும்போது மறு பக்கம். விளக்கு எரியும், அணையும், எரியும். "லூஸ் காண்டாக்ட்" என்று டிரைவர் ஒரு தட்டு தட்டுவார். எரிந்துவிடும், அடுத்த பள்ளம் வரை.

எர்த் முழுசாக விட்டுப்போனால் இன்னொரு வேடிக்கை நடக்கும். இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் மங்கலாக மினுக்கும். பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் லேசாக எரியும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். காரணம் சாதாரணமானது. பல்பு வழியாகப் போன கரண்ட் திரும்ப வழி கிடைக்காமல், பக்கத்து டெயில் பல்பு வழியாகப் பின்னோக்கிப் புகுந்து, டெயில் ஒயரிலேயே ஜீப் வரை போய், ஜீப்பின் டெயில் பல்பு வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. இத்தனை பல்பைத் தாண்டும்போது எதற்கும் முழு வோல்ட் கிடைப்பதில்லை. இப்படி எல்லாம் கலந்து மங்கலாக எரிந்தால் பல்பைக் கழற்ற வேண்டாம். எர்த் ஒயர் ஒன்றைத் தற்காலிகமாக ஜீப் பாடியிலிருந்து டிரெய்லர் விளக்குக்கு நேராக இழுத்துப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும்.

நிரந்தர வைத்தியம், எர்த்துக்கென்று தனி ஒயர். பிளக் வழியாகவே வந்து பிளக் வழியாகவே போக வேண்டும். எல்லா விளக்கின் கரண்டும் அந்த ஒன்றில்தான் திரும்பி வரும் என்பதால் மற்றவற்றைவிடத் தடியாக இருக்க வேண்டும். நடைமுறையில் நேர்மாறாக நடக்கிறது; மிச்சமிருக்கும் மெல்லிய துண்டு ஒயர்தான் எர்த்துக்குப் போகிறது.

மெல்லிய ஒயரில் என்ன நட்டம்? ஜீப்பின் ரிலேயிலிருந்து டிரெய்லரின் வால் வரை எட்டு மீட்டர் என்று வையுங்கள். போக வர பதினாறு. அரை சதுர மில்லிமீட்டர் ஒயரில் இரண்டு பிரேக் பல்பின் கரண்டை அனுப்பினால் வழியிலேயே இரண்டு வோல்ட் தொலைந்துவிடும். 12-க்குப் பதில் 10 வோல்ட் கிடைத்தால் பல்பின் வெளிச்சம் ஆறில் ஒரு பங்குதானே குறையும் என்று தோன்றும். அப்படியல்ல, கிட்டத்தட்ட பாதியாகிவிடும். சூடாகி ஒளிரும் கம்பியின் குணம் அது. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் நிற்கும். டிரெய்லருக்கு விளக்கு இருந்தும் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தச் சில நூறு ரூபாய் ஒயர் சிக்கனம்தான்.

ஒரே பிளக், ஒரே வரிசை

இங்கேதான் மேலே சொன்ன மூன்று பேர் தகராறுக்கு விடை இருக்கிறது. ஏழு பின் பிளக்குக்கு ஐஎஸ்ஓ 1724 என்று உலகத் தரம் ஒன்று உண்டு, 12 வோல்ட் வண்டிகளுக்கு. முதல் பின் இடது இண்டிகேட்டர், மஞ்சள் ஒயர். இரண்டு, பின்பக்கப் பனி விளக்கு, நீலம். மூன்று எர்த், வெள்ளை. நான்கு வலது இண்டிகேட்டர், பச்சை. ஐந்து வலது டெயில், பழுப்பு. ஆறு பிரேக், சிவப்பு. ஏழு இடது டெயில், கறுப்பு. நம் ஊரில் பனி விளக்குக்கு அவ்வளவாக வேலை இல்லை என்பதால் இரண்டாவது பின்னைச் சும்மா விட்டுவிடலாம். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மட்டும் அதையும் இணைத்துக்கொள்ளலாம்.

இந்த வரிசையை எல்லோரும் கடைப்பிடித்தால் எந்த ஜீப்பும் எந்த மெஷினையும் இழுக்கலாம், செருகினால் எரியும். செல்போன் சார்ஜருக்கு 'எல்லாத்துக்கும் ஒரே முனை வேணும்' என்று குரல் கொடுக்கும் தலைமுறை, உயிர் போகும் விஷயத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு வரிசையைப் பொறுத்துக்கொள்கிறது.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டையான நாலு ஒயர் கிட் என்று விற்பது அமெரிக்க முறை. அங்கே பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு பல்பில், ஒரே ஒயரில் வரும். வெள்ளை எர்த், பழுப்பு டெயில், மஞ்சள் இடது பிரேக்கும் இண்டிகேட்டரும், பச்சை வலதுக்கு அதே போல. நம் வண்டிகளில் பிரேக்குக்குத் தனி ஒயர், மஞ்சள் இண்டிகேட்டருக்குத் தனி ஒயர். "ஒரு ஒயர் குறையுதே" என்று பிரேக் ஒயரையும் இண்டிகேட்டர் ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஜீப்பின் முன்பக்க இண்டிகேட்டர் இரண்டும் சேர்ந்து எரியும். எதிரில் வருகிறவர் என்னவென்று புரிந்துகொள்வார்? இதற்கென்று தனி கன்வெர்ட்டர் உண்டு. அதைவிட ஐந்து ஒயர் இழுத்துவிடுவது சுலபம்.

சரி, கலவை மெஷினில் விளக்கை எங்கே மாட்டுவது? சிமென்ட், ஜல்லி, தண்ணீர், ராட்சச அதிர்வு. நிரந்தரமாக மாட்டினால் ஒரு வாரம் தாங்காது. மெஷின்காரர்கள் சொல்லும் இந்தக் காரணம் உண்மையானது. பிரிட்டனில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு: விளக்குப் பலகை. ஒரு நீளப் பலகை, அதில் இரண்டு பக்கமும் விளக்கு, ரிஃப்ளெக்டர், நடுவில் நம்பர் பிளேட், நீளமான ஒயர், முனையில் பிளக். வேலை முடிந்ததும் மெஷினின் பின்னால் இரண்டு கொக்கியில் தொங்கவிட்டு, ஜீப்பில் செருகிக் கிளம்ப வேண்டியதுதான். சேர்ந்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். கரும்பு டிரெய்லருக்கும் இதுவே சரி. சோகை தொங்கிப் பின்விளக்கை மூடிவிடும் வண்டிக்கு, லோடுக்கு வெளியே தொங்கும் பலகைதான் உதவும். நம் ஊர் வெல்டிங் பட்டறை எதுவும் அரை நாளில் செய்து கொடுக்கும். இதை மெஷினோடு சேர்த்து வாடகைக்குக் கொடுப்பது மெஷின்காரர் பொறுப்பு. சாக்கெட் ஜீப்காரர் பொறுப்பு. இரண்டும் இல்லாமல் இருட்டில் வண்டியை அனுப்பாதது காண்ட்ராக்டர் பொறுப்பு. இப்படிப் பிரித்துக்கொண்டால் யார் தலையிலும் பெரிய செலவு விழாது.

"ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோமே" என்பவர்களுக்கு: ஒட்டுங்கள், நல்லதுதான். சிவப்பு ரிஃப்ளெக்டர் எந்த ஒயரும் கேட்காத காவலாள். ஆனால் அது எரிவது பின்னால் வருகிறவரின் ஹெட்லைட் தயவில். அதன் மேல் சேறு படிந்தால் அதுவும் இல்லை. முக்கியமாக, வண்டி நிற்கப் போகிறது, திரும்பப் போகிறது என்று ஸ்டிக்கர் சொல்லாது. பிரேக் டவுன் ஆன லாரிக்குப் பின்னால் மரக்கிளையை ஒடித்துப் போடும் அதே காலத்து வைத்தியம்தான் அது, கொஞ்சம் பளபளப்பாக.

ஆஃப்ரோடு ஆர்வலர்களிடம் ஒரு கேள்வி

பழைய ஜீப்பைத் தேடிப் பிடித்து, புதுப்பித்து, வார இறுதியில் மலைப்பாதைக்கு எடுத்துப் போகும் இளைஞர்கள் கூட்டம் இப்போது பெரிதாகி வருகிறது. நல்ல விஷயம். அந்த ஜீப்களின் முன்னால் பாருங்கள்: பம்பரில் இரண்டு, கூரையில் ஒரு நீள லைட் பார், கண்ணாடித் தூணில் இன்னும் இரண்டு. எதிரில் வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அதே ஜீப், கூடாரமும் தண்ணீர் கேனும் ஏற்றிய ஒரு சின்ன டிரெய்லரை இழுக்கும்போது பின்னால் பாருங்கள். பல நேரம் ஒரு சிவப்பு ரிப்பன்.

முன்னால் மாட்டிய லைட் பாருக்கு ரிலே, ஃப்யூஸ், தடித்த ஒயர் எல்லாம் கச்சிதமாகப் போடத் தெரிந்தவர்கள்தான் இவர்கள். அதாவது, கைவேலை தெரியாததால் பின்விளக்கு இல்லை என்று சொல்ல முடியாது. முன்னால் எரிவது தனக்கு உதவுகிறது, பின்னால் எரிவது முகம் தெரியாத ஒருவருக்கு உதவுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

போலீஸ் பிடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற மனநிலைக்கும் இதில் பங்கு உண்டு. ஹெல்மெட் இல்லாதவரை நிறுத்தும் சோதனைச் சாவடியில், விளக்கே இல்லாத டிரெய்லர் சாவகாசமாகத் தாண்டிப் போவதைப் பார்க்காதவர்கள் குறைவு. ஹெல்மெட் போடாதவர் தன் தலையைப் பணயம் வைக்கிறார். டிரெய்லரில் விளக்கு போடாதவர் அடுத்தவர் தலையை வைக்கிறார். இதில் எதற்கு முதலில் அபராதம் போட வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் இருக்கக் கூடாது. அபராதத்தோடு, அதே இடத்தில் விளக்குப் பலகை இல்லாமல் வண்டி நகரக் கூடாது என்றால் ஒரே சீசனில் நிலைமை மாறும்.

கிளம்பும் முன் இரண்டு நிமிடம்

ஒயரிங் செய்து முடித்த பிறகும் டிரெய்லர் விளக்கு ஒரு நாள் எரியாமல் போகும். அதன் இயல்பே அப்படி. அதிர்வு, மழை, சேறு. ஒயரை முறுக்கி டேப் சுற்றிய இடம் முதலில் விடும். சாலிடர் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட்ட இடம் கடைசியில் விடும். சாக்கெட்டை மூடியோடு வாங்க வேண்டும். மூடி மேல்பக்கமாகக் கீல் வைத்து, தானாக விழுந்து மூடுகிற மாதிரி மாட்டினால் தண்ணீர் இறங்காது. பின்களில் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். ஒயர், திருப்பத்தில் இழுபடாத அளவுக்கு நீளமாகவும் ரோட்டில் உரசாத அளவுக்குக் குட்டையாகவும் இருக்க வேண்டும். ஜீப்பை முழுசாக இடது பக்கமும் வலது பக்கமும் ஒடித்துப் பார்த்தால் சரியான நீளம் தெரிந்துவிடும்.

கிளம்பும் முன் ஒருவர் சீட்டில் உட்கார வேண்டும், ஒருவர் பின்னால் இருபது அடி தள்ளி நிற்க வேண்டும். "பார்க்கு... இடது... வலது... பிரேக்கு." பிறகு பார்க் லைட்டை அணைக்காமலேயே பிரேக்கையும் இண்டிகேட்டரையும் சேர்த்து ஒரு முறை. எர்த் சரியில்லை என்றால் இந்தக் கடைசிச் சோதனையில்தான் காட்டிக்கொடுக்கும். உதவிக்கு ஆள் இல்லையென்றால் சுவரை ஒட்டி ரிவர்ஸ் எடுத்து, சுவரில் விழும் சிவப்பைக் கண்ணாடியில் பார்க்கலாம். இல்லை, போனில் வீடியோவை ஓடவிட்டு ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்துவிட்டு வந்து பிரேக்கை மிதிக்கலாம். தளம் போட்ட இடத்தில் செங்கல்லுக்கா பஞ்சம்?